வெளிமானுக்கு வேண்டிய வெளி
கோடிக்கரைக் காட்டில் ஒரு பகல்

வேளாங்கண்ணித் திருத்தலத்துக்கு ஒரு முறையேனும் சென்று வராத கத்தோலிக்கக் குடும்பம் தமிழகத்தில் அரிது. நேர்த்திக்கடன் செலுத்தவும், பிள்ளைக்கு முடியிறக்கவும், பெற்ற நன்மைக்கு நன்றி கூறவும் நம் குடும்பங்கள் அங்குச் சென்று வருகின்றன. மெழுகுதிரி ஏற்றி, கடலில் கால் நனைத்து, கடைத்தெருவில் பிள்ளைகள் கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டு, அன்றிரவே பேருந்தோ இரயிலோ ஏறிவிடுகிறோம். அவ்வூருக்குத் தெற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் கோடிக்கரை என்னும் கடல்முனை உள்ளது. சைபீரியாவிலிருந்து பறவைகள் வந்து இறங்கும் இடம் அது. தென்னிந்தியாவில் வெளிமான்கள் மிகுந்து வாழும் இடங்களுள் முதன்மையானதும் அதுவே. இவ்வளவு அருகில் இருந்தும், நம்மில் பெரும்பாலோர் அதனைக் கண்டதில்லை.

சென்ற தை மாதத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஏழு குடும்பங்களுடன், உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணை கொண்டு, ஒரு பகற்பொழுது முழுவதையும் அங்கே கழித்தோம். ஒரு காட்டைக் காண்பது வேறு, அதனைப் படிப்பது வேறு என்பதை அன்று உணர்ந்தோம். அங்கே கண்டதையும் கேட்டதையும் நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயன்தரும் என்று எண்ணி இதனை எழுதுகிறோம்.

உப்பு வழியே ஒரு பயணம்

வேளாங்கண்ணியில் இருள் பிரியுமுன் புறப்பட்ட நம் வேன், கிழக்கு வெளுக்கும் வேளையில் வேதாரண்யத்தை அடைந்தது. முல்லைப் பூவுக்கும் உப்புக்கும் பெயர் பெற்ற ஊர் அது. அங்கிருந்து தெற்கே செல்லும் சாலையில் முதலில் எதிர்ப்படுவது அகஸ்தியம்பள்ளி. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள், அம்மாதம் 30ஆம் நாள் தடையை மீறி உப்பெடுத்த இடம் இதுவே. அங்குள்ள நினைவுத் தூணருகே வேனை நிறுத்திப் பிள்ளைகளுக்கு அவ்வரலாற்றைக் கூறினோம். சாலையின் ஒருபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளப் பாத்திகள். அவற்றின் வரப்புகளில் அந்த அதிகாலையிலேயே ஆண்களும் பெண்களும் வேலை செய்துகொண்டிருந்தனர்.

அகஸ்தியம்பள்ளியைக் கடந்தால் கோடியக்காடு; அதற்கும் அப்பால் கடலோரத்தில் கோடிக்கரை. கோடி என்றால் கடைசி, முனை என்று பொருள். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வந்த சோழ மண்டலக் கடற்கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. அதற்கப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு. இவ்விரு கடல்களும் சந்திக்கும் மூலையில் மணல்மேடுகளும், காடும், புல்வெளியும், உவர்ச் சதுப்பும் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

இது நேற்று முளைத்த காடன்று. கோடியக்காட்டிலுள்ள குழகர் கோயில் சுந்தரரின் தேவாரம் பெற்ற தலம். காடு சூழ்ந்த கடற்கரையில், காற்று வீசும் இடத்தில், துணையின்றி இருக்கின்றீரே என்று இறைவனை நோக்கி அவர் இரங்கிப் பாடியதாகச் சைவ அன்பர்கள் கூறுவர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரும் இது காடாகவே இருந்தது என்பதற்கு அப்பாடலே சான்று.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி இவ்விடத்தின் அருமையை 1962இல் எடுத்துக்காட்டினார். 1967இல் அரசு 17 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பைச் சரணாலயமாக அறிவித்தது. பின்னர், இக்காட்டோடு வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் சேர்ந்த 38,500 எக்டர் பரப்பு, 2002இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. தமிழகத்தில் அத்தகுதியை முதன்முதலில் பெற்ற இடம் இதுதான். 2022ஆம் ஆண்டு வரை வேறு எந்த இடமும் இங்கே அத்தகுதியைப் பெறவில்லை.

வழிகாட்டியின் மூன்று கட்டளைகள்

வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டுப் பெற்றபின், நம் வழிகாட்டி வந்து சேர்ந்தார். அறுபது வயதை நெருங்கியவர். கழுத்தில் ஒரு பழைய தொலைநோக்கி, கையில் ஒரு கோல். கோடியக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று அழைக்கத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. ஆயினும் உள்ளே நுழையுமுன் அவர் மூன்று கட்டளைகள் இட்டார்.

“சாமி, பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. பாட்டுப் போடக் கூடாது. தின்பண்டத்தைக் கையில வச்சிருக்கக் கூடாது, குரங்கு பிடுங்கும். மானைப் பார்த்தா ‘மான், மான்’னு கத்தக் கூடாது. மூணாவதுதான் பெரியவங்களுக்கே கஷ்டம்.”

காட்டினுள் சிறிது தூரம் நடந்தோம். மலைக்காடுகளைப் போல வானளாவிய மரங்கள் இங்கில்லை. உயரத்தில் குறைந்து, கிளைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆண்டு முழுவதும் பசுமை மாறாது நிற்கும் மரங்கள். உலர் பசுமைமாறாக் காடு என்று இதனை அறிஞர் குறிப்பர். ஒரு காலத்தில் சோழ மண்டலக் கரை நெடுகிலும் பரவியிருந்த இவ்வகைக் காடு, இன்று கோயிற்காடுகளாகவும் சிறு துண்டுகளாகவுமே எஞ்சியுள்ளது. அவ்வாறு எஞ்சியவற்றுள் பெரிய துண்டு ஒன்றினுள் நாம் நின்றுகொண்டிருந்தோம்.

வழிகாட்டி ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். “இது பாலை. உலக்கைப் பாலைன்னும் சொல்லுவாங்க. இதில உலக்கை செஞ்சா பேரப்பிள்ளை காலம் வரைக்கும் இருக்கும். கோடையில மஞ்சளாப் பழம் பழுக்கும். நரியும் தின்னும், குரங்கும் தின்னும், நாங்களும் தின்னோம்.” வேதாரண்யம் கடைத்தெருவில் கோடைக்காலத்தில் கூறுகட்டி விற்கப்படும் பாலைப்பழம் இதுதான்.

அங்கிருந்து இராமர் பாதம் என்னும் மேட்டுக்குச் சென்றோம். கல்லில் செதுக்கப்பெற்ற இரு பாதங்களை மக்கள் அங்கே வணங்குகின்றனர். இராமபிரான் இலங்கையை நோக்கி நின்ற இடம் என்பது செவிவழிக் கதை. சரணாலயத்திலேயே மிக உயர்ந்த இடம் இதுதான் என்று வழிகாட்டி சொன்னபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஏனெனில் அம்மேட்டின் உயரம் கடல்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் அளவே. “சிரிக்காதீங்க தம்பி. கடல் பொங்கினா ஓடி ஏற இந்தக் காட்டில வேற மேடு கிடையாது” என்றார் அவர். அச்சொல்லின் பொருள் அன்று மாலையில்தான் நமக்கு முழுமையாக விளங்கியது.

வெளியும் மானும்

காட்டைக் கடந்ததும் நிலம் திடீரென்று திறந்துகொண்டது. மரமற்ற புல்வெளி. வழிகாட்டி கையை உயர்த்தி நம்மை நிறுத்தினார். நமக்கு முதலில் ஒன்றும் தென்படவில்லை. அவர் கோலால் சுட்டிய திசையில் கண்களை நிறுத்தியபோது, புல்லின் நிறத்திலேயே நின்றிருந்த இருபதுக்கு மேற்பட்ட பெண்மான்களும் குட்டிகளும் ஒவ்வொன்றாகத் தோன்றின. அவற்றுக்குச் சற்று விலகி, கழுத்தை நிமிர்த்தி ஓர் ஆண்மான் நின்றது. மேலுடல் கருமை, வயிறு தூய வெண்மை, கண்களைச் சுற்றி வெள்ளை வளையம், திருகிய நீண்ட இரு கொம்புகள். பிள்ளைகளில் ஒருவர்கூடக் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டுமல்லவா?

சங்க இலக்கியம் இரலை என்று குறிப்பிடும் மான் இதுவே. வெளிமான் என்பது மக்கள் வழக்கு. வெளியில் வாழும் மான் ஆதலால் அப்பெயர். பெண்மான் வெளிர் பழுப்பு நிறம். பெரும்பாலும் கொம்பு இராது. ஆண்குட்டியும் பழுப்பாகவே பிறந்து, வயது ஏற ஏறக் கருமை கொள்ளும். வளர்ந்த ஆண்மான் தனக்கென ஓர் எல்லையை வகுத்து, அங்கங்கே புழுக்கையைக் குவித்து அடையாளமிட்டு, மற்ற ஆண்களை உள்ளே விடாது காக்கும். அத்தகைய குவியல் ஒன்றை வழிகாட்டி நமக்குக் காட்டினார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இம்மானைத் தன் முதல் அட்டவணையிலேயே வைத்துள்ளது. அதாவது, மிக உயர்ந்த பாதுகாப்புக்கு உரியது என்று பொருள்.

வெளிமானுக்குப் புலியைப் போலக் கோரைப்பல் இல்லை, யானையைப் போலப் பேருடலும் இல்லை. கண்ணும் காலுமே அதன் காவல். பகையைத் தொலைவிலேயே கண்டுகொள்ள வேண்டும். கண்டதும் காற்றாய்ப் பறக்க வேண்டும். இரண்டுக்கும் தடையற்ற வெளி தேவை. வெளி அடைபட்டுப்போனால் அதன் கண்ணும் பயனற்றது, காலும் பயனற்றது.

அவ்வெளிதான் இங்கே அடைபட்டு வருகிறது. புல்வெளியின் ஓரத்தில் முள் நிறைந்த புதர்கள் வரிசையாக நின்றன. நம் ஊர்களில் ஏரிக்கரையிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம்தான். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பெற்றது. வறட்சியையும் உவரையும் தாங்கும்; வெட்ட வெட்டத் துளிர்க்கும்; வேரோடு பெயர்த்தாலன்றி அழியாது.

வழிகாட்டி குனிந்து, வழியில் கிடந்த குதிரைச் சாணத்தைக் கோலால் கிளறினார். முன்னொரு காலத்தில் மனிதரால் வளர்க்கப்பட்டுப் பின் கைவிடப்பட்ட மட்டக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் இக்காட்டில் கூட்டமாகத் திரிகின்றன. அச்சாணத்தினுள் சீமைக் கருவேல விதைகள் கிடந்தன. ஒன்றிரண்டு முளையும் விட்டிருந்தன.

“பாருங்க சாமி. இதோட காய் இனிப்பா இருக்கும். குதிரை தின்னும், மாடு தின்னும். கோடையில புல்லு காய்ஞ்சு போனா மானும் தின்னும். தின்னுட்டு வெளியில போய்ப் புழுக்கை போடும். அங்க மரம் முளைக்கும். தன் வீட்டு வாசலைத் தானே அடைக்கிறோம்னு அந்த மானுக்குத் தெரியாது.”

கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பசிக்குக் கிடைத்த இனிப்பே பின்னாளில் வாழ்விடத்தைப் பறிக்கும் என்பது மானுக்கு மட்டும் உரிய கதையன்று.

வனத்துறையினர் பல ஆண்டுகளாகவே இம்மரத்தைப் பகுதி பகுதியாக அகற்றி வருகின்றனர். அகற்றிய இடத்தில் மீண்டும் முளைக்காமல் காப்பது அகற்றுவதைவிடக் கடினமான பணி. இருப்பினும் அவ்வாறு திறந்துவிடப்பட்ட ஒரு திடலில் புல் துளிர்த்து, அங்கே மான்கள் மேய்ந்து நின்றதை நாம் கண்டோம்.

வடக்கிலிருந்து வந்த விருந்தினர்

நண்பகலில் ஒரு மரநிழலில் கட்டுச்சோற்றை உண்டுவிட்டு, மேற்கே சதுப்பின் ஓரத்துக்குச் சென்றோம். நீர், சேறு, உப்பு, வானம் ஆகிய நான்கையன்றி அங்கே வேறொன்றும் இல்லை என்று தோன்றியது. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபின்தான், அடிவானத்தில் வெண்மையும் செம்மையும் கலந்த கோடாகத் தெரிந்தது முழுவதும் பறவைகள் என்பது புலப்பட்டது. அவையே பூநாரைகள்.

பூநாரை தன் தலையைக் கவிழ்த்து, அலகை நீரினுள் தலைகீழாக வைத்து இரை தேடும் பறவை. சேற்று நீரை உறிஞ்சி, சல்லடை போன்ற அலகால் வடிகட்டி, நுண்ணிய பாசியையும் சிற்றுயிர்களையும் மட்டும் உட்கொள்ளும். அவ்வுணவிலுள்ள நிறமியே அதன் இறகுக்குச் செந்நிறம் தருகிறது. இந்தியாவில் இது பெருங்கூட்டமாகக் கூடுகட்டுவது குஜராத்தின் கட்ச் உவர் நிலத்தில். குளிர்காலத்தில் இங்கே வரும் பூநாரைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுகிறது. சதுப்பில் எவ்வளவு மழைநீர், எவ்வளவு கடல்நீர், எவ்வளவு உப்பு என்னும் கணக்கைப் பொறுத்தே அவற்றின் இரை அமைகிறது. அக்கணக்கை யார் மாற்றினாலும், மாற்றியவருக்கு முன்னே அதனை அறிந்துகொள்வது பறவைதான்.

பூநாரையின் அழகில் மயங்கி நின்ற நம்மை வழிகாட்டி கையைப் பிடித்து இழுத்துவந்து, கரையோரச் சேற்றில் ஓடிக்கொண்டிருந்த சிட்டுக்குருவியளவுப் பறவைகளைக் காட்டினார். அவை கொசு உள்ளான்கள். ஏறக்குறைய முப்பது கிராம் எடை. ஒரு கைப்பிடியில் அடங்கிவிடும். இவை முட்டையிடுவது வடதுருவத்தை அடுத்த சைபீரிய நிலத்தில். அங்கே பனி இறுகத் தொடங்குமுன் புறப்பட்டு, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து, குளிர்காலத்தை நம் நாட்டுச் சேற்றில் கழித்து, கோடை தொடங்கியதும் மீண்டும் வடக்கே செல்கின்றன. உள்ளான்களோடு கரண்டிவாயன், கூழைக்கடா, ஆலா, கடற்காகம் என்று இன்னும் பலவற்றையும் அன்று கண்டோம்.

“இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பது எப்படித் தெரியும்?” என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். வழிகாட்டியின் விடை எளிமையாயிருந்தது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இக்கரையில் பறவைகளை வலையிட்டுப் பிடித்து, எடையும் அளவும் குறித்து, காலில் எண் பொறித்த மெல்லிய வளையத்தை மாட்டி விடுவிக்கின்றனர். அவ்வளையமுள்ள பறவை வேறொரு நாட்டில் அகப்பட்டால், அவ்வெண்ணைக் கொண்டு அதன் வழியை அறியலாம். இளமையில் தாமும் அவர்களோடு வலை சுமந்து சென்றதாகக் கூறினார் அவர். “ராத்திரி முழுக்க முழங்கால் சேத்தில நிப்போம் பாப்பா. பறவையைப் பிடிக்கிறது வேலையில்ல. காலு ஒடியாம விடுறதுதான் வேலை.”

கடல் ஏறி வந்த நாட்கள்

மாலைச் சூரியன் சாயும் வேளையில் கடற்கரைக்கு வந்தோம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் கோடிக்கரை என்றதும் கலங்கரை விளக்கம் நினைவுக்கு வரும். சோழர் காலத்ததென்று கருதப்பெற்ற செங்கல் கலங்கரை விளக்கத்தின் எச்சம் ஒன்று இக்கரையில் நெடுங்காலம் நின்றிருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் அதுவும் சரிந்துவிட்டது. அன்று நாகப்பட்டினம் மாவட்டம் இழந்த உயிர்களை நாம் மறக்க இயலாது. வேளாங்கண்ணிக் கரையிலும் எத்தனையோ யாத்திரிகர்கள் மாண்டனர். கோடிக்கரைப் பகுதியிலோ கடலுக்கும் காட்டுக்கும் இடையே நின்ற மணல்மேடுகள் அலையின் வேகத்தைத் தாங்கிக்கொண்டன.

சுனாமியின்போது கைகொடுத்த மேடுகளால் கஜா புயலைத் தடுக்க முடியவில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தது. வேதாரண்யம் வட்டாரத்தில் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. ஓட்டு வீடும் கூரை வீடும் ஒன்றாயின. சரணாலயத்தில் நூற்றாண்டு கண்ட மரங்கள் முறிந்து விழுந்தன. தாழ்ந்த புல்வெளியில் நின்றிருந்த வெளிமான்களும், புள்ளிமான்களும், குதிரைகளும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பெற்றன. அவற்றின் உடல்கள் பின்னர்க் கடற்கரை நெடுகிலும் ஒதுங்கிக் கிடந்தன.

“என் வீட்டுக் கூரையும் அன்னிக்குத்தான் போச்சு” என்றார் வழிகாட்டி. “மறுநாள் கூரையைப் பார்க்கிறதா, காட்டைப் பார்க்கிறதான்னு தெரியல. பொஞ்சாதி சொன்னா, கூரை எங்கயும் போகாது, போய் மானைப் பாருங்கன்னு. போனேன். நாலு மானை மணல்ல புதைச்சேன். அதுக்கப்புறம் எண்ணல.”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நான்கு மீட்டர் மேட்டைக் கண்டு காலையில் சிரித்த சிறுவன், இப்போது அவர் கையைப் பற்றிக்கொண்டு நின்றான்.

இம்மணலில்தான் தை முதல் பங்குனி வரை ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. பங்குனி ஆமை என்பது மீனவர் அதற்கு இட்ட பெயர். இரவில் வந்து, மணலில் குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டு, விடியுமுன் கடலுக்குத் திரும்பிவிடும். நாயும் நரியும் தோண்டாதவாறு வனத்துறைக் காவலர்கள் அம்முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து, ஏறக்குறைய ஐம்பது நாட்களில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி மேலே வர இயலாதபோது அது மூச்சுத்திணறி இறக்கிறது. ஆகவே கரையில் காவலர் செய்யும் பணி, கடலில் மீனவர் ஒத்துழைத்தாலன்றி நிறைவுபெறாது.

யாருக்குரிய காடு?

திரும்பும் வழியில் வழிகாட்டியிடம் ஒரு வினா எழுப்பினோம். “ஐயா, இக்காட்டைச் சரணாலயமாக்கியதில் உங்கள் ஊருக்கு நன்மையா, தீமையா?”

அவர் உடனே விடை கூறவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். “எங்க அம்மா இந்தக் காட்டில விறகு பொறுக்கி வித்துத்தான் எங்களை வளர்த்தாங்க. மாடு மேய்ச்சதும் இங்கதான். சட்டம் வந்ததும் காட்டுக்குள்ள காலை வைக்காதேன்னுட்டாங்க. ஒரு தடவை அம்மாவோட அரிவாளைப் பிடுங்கிக்கிட்டாங்க. அப்ப எனக்கு மான் மேலேயே கோவம். இப்ப யோசிச்சா, அன்னிக்குத் தடுக்கலேன்னா இன்னிக்கு உங்களுக்குக் காட்ட ஒண்ணும் இருந்திருக்காது. ஆனா அம்மா அழுததும் பொய்யில்ல சாமி.”

அன்பர்களே, நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம் இது. காட்டைக் காக்க வேண்டும் என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. அதற்குரிய விலையை முதலில் கொடுப்பவர்கள் காட்டோரத்தில் வாழும் ஏழைகள். விறகு சுமந்த பெண்ணும், மாடு மேய்த்த சிறுவனும், ஐப்பசி முதல் மாசி வரை கோடிக்கரையில் குடிசையிட்டுத் தங்கிப் பிழைக்கும் மீனவக் குடும்பமும் அவ்விலையைக் கொடுத்திருக்கின்றனர். மானைக் காக்கும் சட்டம் மனிதரை மறந்துவிட்டால் அச்சட்டத்துக்குக் காவலர் அமையார். மனிதரின் தேவை என்று காரணம் காட்டி மானை மறந்துவிட்டாலோ, பின்வரும் தலைமுறைக்கு இரண்டுமே எஞ்சா.

இதற்கு வழியுண்டா? வழிகாட்டியே ஒரு வழியைச் சுட்டினார். சீமைக் கருவேலம் வெளிமானின் எதிரி. ஆனால் ஏழையின் அடுப்புக்கு அதுவே விறகு, கரிமூட்டத்துக்கும் அதுவே மூலப்பொருள். “அந்த மரத்தைப் பிடுங்குற வேலையை எங்க ஊர் ஆளுங்களுக்கே குடுக்கணும். கூலியும் கிடைக்கும், விறகும் கிடைக்கும். மானுக்கு வெளியும் கிடைக்கும். வருஷா வருஷம் செய்யணும், ஒரு வருஷம் விட்டாலும் பழையபடிதான்” என்றார். கல்லூரிகள் பலவற்றில் பேசப்படும் உண்மையை, பள்ளிப்படிப்பு முடிக்காத ஒருவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டதாக நமக்குத் தோன்றியது. இவ்வாறு ஒருவர் இக்காட்டை நம்பி வழிகாட்டியாகப் பிழைப்பதும்கூட அதே வழியின் ஒரு பகுதிதான். நாம் கொடுக்கும் வழிகாட்டிக் கூலி, விறகுக்குப் பதிலாக அக்காடு அவ்வூருக்குத் தரும் வருமானம்.

குடும்பத்தோடு செல்ல விரும்புவோர்க்கு

கோடிக்கரையில் பறவைகளைக் காண விரும்புவோர் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள காலத்தைத் தேர்ந்துகொள்வது நலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சதுப்புக்குச் செல்லும் மண்பாதைகள் மூழ்கிவிடும். ஆதலால் தையும் மாசியுமே வசதியான மாதங்கள். புறப்படுமுன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதியையும் பாதை நிலையையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். விலங்கும் பறவையும் வெயில் ஏறுமுன்னும், வெயில் தாழ்ந்தபின்னும்தான் நன்கு காணக் கிடைக்கும். பத்து மணிக்குச் சென்று இறங்கிவிட்டு, ஒன்றுமில்லை என்று குறைகூறுவோர் பலர்.

பளபளக்கும் ஆடைகளைத் தவிர்த்து, மண்ணிறமோ பச்சையோ அணிந்து செல்லுங்கள். குடிநீரையும் உணவையும் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் ஒன்று விடாமல் திரும்ப எடுத்து வாருங்கள். குரங்குக்கு உணவிடுவதை இரக்கம் என்று எண்ண வேண்டாம். அது குரங்கின் குணத்தைக் கெடுத்துச் சாலையில் அடிபட வைக்கும் செயல். கைப்பேசியில் படமெடுக்க மானை விரட்டாதீர்கள். குட்டியீன்ற தாய்மான் ஒரு முறை வெருண்டு ஓடினால், புல்லுள் மறைந்திருக்கும் குட்டியை நாயோ நரியோ கொண்டுபோகக்கூடும். ஒரு குழுவுக்கு ஒரு தொலைநோக்கியேனும் தேவை. கடன் வாங்கியாவது கொண்டு செல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டி இல்லாமல் செல்லாதீர்கள். அவருக்குக் கொடுக்கும் தொகையில் பேரம் பேசாதீர்கள். அவர் கண்ணின்றி நாம் சென்றிருந்தால் புல்வெளியைப் புல்வெளியாகவும், சாணத்தைச் சாணமாகவுமே பார்த்துவிட்டு வந்திருப்போம். பிள்ளைகளுக்குப் பாடநூல் ஓராண்டில் கற்பிப்பதைக் காட்டோரத்து முதியவர் ஒருவர் ஒரு பகலில் கற்பித்துவிடுகிறார். அவரிடம் கேட்கும் பொறுமை மட்டும் நமக்கு வேண்டும்.

நம் ஊர்த் தரிசுகளிலும் ஏரிக்கரைகளிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதனை அகற்றும் பணி நடைபெறும்போது நம் இளைஞர்கள் முன்னின்று கைகொடுக்கலாம். பிடுங்கிய இடத்தில் பாலையோ வேம்போ நாவலோ நட்டு, மூன்று கோடைகள் தண்ணீர் ஊற்றிக் காக்கலாம். மரம் நடுவிழா ஒரு நாளில் முடிந்துவிடும்; தண்ணீர் ஊற்றும் வேலைக்கு விழாவும் இல்லை, புகைப்படமும் இல்லை. அவ்வேலையை ஏற்கும் குடும்பங்கள் ஊருக்கு நான்கு கிடைத்தாலும் போதும்.